ஜெனரல் மேனேஜர் வீட்டில் இருக்கிறார்

எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து வந்தவனிடம் கேட்பதற்கு இரண்டு கேள்விகள்தான் உண்டு. வந்த புதிதில், "எப்ப வந்தீங்க?" கொஞ்ச நாள் போனதும், "எப்ப பயணம்?" இரண்டாவதற்குப் பதில் இல்லாத ஆள் பரங்கிப்பேட்டையில் பகலில் வெளியே வரமாட்டான். என் மச்சான் ஹாமித் கோடையில் வந்தார். மழை பிடித்த பிறகும் இங்கேயே இருந்தார்.

மச்சான் என்றால் என் அக்கா ஷஹனாஸின் கணவர். வளைகுடாவில் ஓர் ஐஸ் ஹாக்கி கிளப்புக்கு ஜெனரல் மேனேஜராக இருந்தவர். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். பாலைவனத்தில் ஐஸ், ஐஸ் மேல் ஹாக்கி, அதற்குப் பரங்கிப்பேட்டைக்காரர் மேனேஜர். ஆனால் உண்மை. பெரிய மாலுக்குள் கீழ்த்தளம் முழுக்கப் பனி உறையவைத்து வைத்திருக்கிறார்கள். அதில் ரஷ்யாக்காரனும் கனடாக்காரனும் சம்பளத்துக்கு ஆடுகிறார்கள். வெளியே தார் உருகும்போது உள்ளே ஜனங்கள் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு பார்க்கிறார்கள்.

பி.காம். முடித்துவிட்டுப் போன மச்சான் முதலில் அங்கே ஸ்கேட் வாடகைக்குக் கொடுக்கும் கவுண்டரில் நின்றார். நாள் முழுக்க அடுத்தவன் கால் நாற்றம். அப்புறம் பனித்தளத்தை எந்த நேரத்துக்கு யாருக்கு விடுவது என்று பிரித்துக் கொடுக்கும் வேலை. அப்புறம் ஆட்டக்காரர்களின் விசா. விசா பார்ப்பவனுக்கு எல்லாம் தெரியவரும். எவன் குடிப்பான், எவனுக்கு முட்டி போய்விட்டது, எவன் பொண்டாட்டி இந்த வெயிலில் இருக்க மாட்டேன் என்கிறாள், எந்த ஏஜென்ட் பொய் சொல்வான். முதலாளி இதைக் கவனித்துவிட்டு, ஆள் எடுக்கும் பொறுப்பையே அவரிடம் கொடுத்தார். ஜெனரல் மேனேஜர் வேலை அதுதான். ஆடச் சொல்லிக்கொடுப்பது கோச். யார் ஆட வேண்டும், யாரை விற்க வேண்டும், யாரை விமானம் ஏற்றி அனுப்ப வேண்டும் என்பது இவர். காலில் ஸ்கேட் கட்டியதே இல்லை. தளத்தின் ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாராம்.

அந்த வேலை போன கதை ஊருக்கே தெரியும். ஹபிபுல்லா என்று எங்கள் தெருக்காரர், அதே நகரத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர், படுத்த படுக்கையில் மவுத்தாகிவிட்டார். அயல்நாட்டில் நம்மூர்க்காரன் இறந்தால் அங்கிருக்கும் நம்மூர்க்காரர்கள்தான் மையத்தை, அதாவது பிரேதத்தை, எடுத்து அடக்க வேண்டும். ஒருவர் செய்தால் எல்லார் கடமையும் தீர்ந்தது. ஒருவரும் செய்யாவிட்டால் எல்லார் தலையிலும் பாவம். ஊர்ச் சங்கத்தார் போன் போட்ட இடமெல்லாம் டியூட்டி என்றார்கள். காரும் அரபிப் பேச்சும் இருந்தவர் மச்சான்.

அன்றைக்குத்தான் லீக்கில் ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யக் கடைசி நாள். அவர் பின்லாந்திலிருந்து எடுத்திருந்த கோலி, அதாவது கோல் காப்பவன், இன்னும் பதிவாகவில்லை. பழைய கிளப் அவனை விடுவித்த கடிதம் மதியம்தான் வந்தது. பதிவு செய்யும் பாஸ்வேர்டை மச்சான் யாருக்கும் கொடுத்ததில்லை. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று பிணவறைக்குப் போனார். அங்கே ஹபிபுல்லாவின் முதலாளி கையெழுத்து போடாமல் தரமாட்டோம் என்றார்கள். அந்த அரபியைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி, மையத்தைக் கையில் வாங்கும்போது பதிவு மூடிவிட்டது. கோலி மீதி சீசன் முழுக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்வையாளர் வரிசையில் பாப்கார்ன் தின்றான். கிளப் கடைசி இடத்துக்குப் போனது. மச்சானை அனுப்பிவிட்டார்கள்.

நல்ல காரியம் செய்து வேலை போனது என்று பள்ளிவாசலில் பேசிக்கொண்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஹபிபுல்லாவைக் கண்டால் மச்சானுக்கு ஆகாது. போகாவிட்டால் ஊரில் பெயர் கெடும் என்றுதான் போனார். பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் ஆபீஸில் இருந்த எவனும் அந்தப் பொத்தானை அமுக்கியிருப்பான். அதை இன்னொருவன் செய்யலாம் என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் ஆனதும் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். மச்சான் பிறந்த வீடு அவர் தங்கைக்குப் போய்விட்டது. இந்த வீடு அக்காவுடையது. ஆண்பிள்ளைக்கு உலகம் முழுக்க இருக்கிறது, வீடு மட்டும் இல்லை. லீவில் வரும் மாப்பிள்ளையை மாடியில் உட்காரவைத்துக் கொண்டாடுவார்கள். அது லீவுக்கென்று ஏற்பட்ட மரியாதை. ஒரு மனுஷன் அதில் காலம் தள்ள முடியாது.

"லாத்தா, மச்சான் எங்க?" என்று கேட்டால், அக்கா கையில் இருக்கும் வேலையை விடாமல் சொல்வாள்:

"மேல. ஜெனரல் மேனேஜர் ஃபேனுக்குக் கீழ மீட்டிங்ல இருக்காரு."

"கொஞ்சம் மெதுவாப் பேசேன்."

"கேக்கட்டுமே. கேட்டாத்தான் என்னா, எழுந்து ஓடிடப் போறாரா?"

ஆகஸ்டில் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. காஸ்பியன் கடலோரத்தில் ஒரு நகரம். எண்ணெய்ப் பணத்தில் புதிதாக ஒரு கிளப் தொடங்குகிறார்கள், ஜெனரல் மேனேஜர் வேண்டும், வீடியோவில் பேசலாம் என்றார்கள். பரங்கிப்பேட்டையில் அன்றாடம் மின்சாரம் போகிற சமயம். நான் என் ஆபீஸுக்கு வரச் சொன்னேன்.

நான் அண்ணாமலை நகரில் இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டவன். சிதம்பரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருக்கிற கம்பெனியில் இரவு வேலை. வெளிநாட்டு ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்து, பந்து கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு கீ தட்ட வேண்டும். யார் கொடுத்தான், யார் வாங்கினான், யார் விட்டான். பகலில் ஆபீஸ் காலியாகக் கிடக்கும். சாவி எங்கள் ஷிப்ட் லீடர் காயத்ரியிடம்.

"உங்க மச்சான் என்ன ஆடுவாரு, ஆசிக்?"

"ஆட மாட்டாரு. ஆள் எடுப்பாரு."

"கல்யாண புரோக்கர் மாதிரியா?"

"அப்பிடித்தான்."

"அப்ப எனக்கும் ஒருத்தனப் பாக்கச் சொல்லு. கோலியாப் பாத்தா நல்லது. ஒரே எடத்துல நிப்பான்."

மச்சான் முழுக் கோட்டு, டை, பளபளக்கும் ஷூவோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். பஸ்ஸில் யாரோ எந்த மண்டபத்தில் கல்யாணம் என்று கேட்டார்களாம். முகம் கழுவிவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது ஆளே மாறிவிட்டார். முதுகு நிமிர்ந்தது. வீட்டில் நான் பார்க்காத முதுகு.

திரையில் முதலாளியும் உதவியாளப் பெண்ணும். முதலாளி ஸலாம் சொல்லித்தான் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கேள்வி வந்தது: பழைய கிளப் ஏன் உங்களை அனுப்பியது? மச்சான் மறைக்கவில்லை. ஹபிபுல்லா, பிணவறை, கையெழுத்து, மூடிய பதிவு, எல்லாம் சொன்னார். முதலாளி நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "தன் ஊர் ஆளை அடக்கம் செய்யப் போகிறவன்தான் எனக்கு வேண்டும். இந்த வீடு இனி உங்கள் வீடு" என்றார்.

மச்சான் டையின் முடிச்சைச் சரிசெய்துகொண்டதைப் பக்கவாட்டில் உட்கார்ந்து நான் பார்த்தேன். வேலை போனதிலிருந்து அந்தக் காரியத்துக்காக அவரை மதித்த முதல் முதலாளி.

அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை கேள்வி ஒன்றுதான்: நீங்கள் வந்தால் யாரையெல்லாம் எடுப்பீர்கள்? மச்சான் கொட்ட ஆரம்பித்தார். அதே பின்லாந்து கோலி. ஒரு சீசன் ஆடாததால் யாரும் அவனைத் தேடவில்லை, கேட்டால் ஓடி வருவான். லாட்வியாவில் அண்ணன் தம்பி இரண்டு பேர், இருவரும் பின்வரிசைத் தடுப்பு ஆட்டக்காரர்கள். அண்ணனைத் தனியாகக் கேட்டால் வரமாட்டான், தம்பிக்கு முதலில் பேச வேண்டும். ஸ்லோவாக்கியாக்காரன் ஒருவன், அவன் ஏஜென்டுக்கு அவனோடு சண்டை, நேராக அவன் அப்பாவிடம் பேசினால் முடியும். ஒவ்வொருவனும் எப்படித் திரும்புவான், எந்தப் பக்கம் பலவீனம், யாரோடு யாரைச் சேர்த்து இறக்கலாம் என்று எல்லாம். உதவியாளப் பெண் தலை நிமிராமல் தட்டிக்கொண்டே இருந்தாள். முதலாளி "அருமை, அருமை" என்றார். கடைசியில், போலீஸ் சான்று ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விசாவுக்கு வேண்டும் என்றார்.

படி இறங்கும்போது கேட்டேன். "மச்சான், கையெழுத்து ஆகறத்துக்கு முன்னாடி இவ்ளோ சொல்லணுமா?"

"வார்த்த குடுத்துட்டாருடா."

"வார்த்த தான?"

"நம்ம பக்கம் பொண்ணு பேசி முடிக்கிறோம், பத்திரம் எழுதியா வாங்கறோம்? வார்த்த மாறுனா ஊர்ல தல காட்ட முடியுமா?"

"அந்தாளு தல காட்டறது வேற ஊர்ல மச்சான்."

"நீ ராத்திரி முழுக்க முழிச்சிருந்து முழிச்சிருந்து யாரையும் நம்ப மாட்டேங்குற. ஸலாம் சொன்னாரு, நெஞ்சுல கை வெச்சாரு, பாத்தியா இல்லயா?"

பார்த்தேன். என் உம்மா அஜீசுன்னிசா அன்று சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டுக்கும் இனிப்பாக வட்டலாப்பம் கொடுத்தனுப்பினாள். மறுநாள் முதல் மச்சான் தொழுகைக்கு நடந்தே போனார். யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டே போனார். "எப்ப பயணம்?" என்றால், "தாள் வந்ததும்" என்றார்.

சான்றுக்காகக் கடலூர் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டார். எஸ்.பி. ஆபீஸில் வேலை முடிந்ததும் முதுநகர் துறைமுகத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்தோம். அவரோடு கல்லூரியில் படித்த திருநாவுக்கரசு அங்கே மீன் படகுகளுக்கு ஐஸ் போடும் பிளான்ட் வைத்திருக்கிறார். ஆள் பருமன். மேசை மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பேசுவார்.

"யோவ் ஹாமித்து, வா வா. என் மேனேஜர் திருப்பூருக்குப் போறானாம். நீ வந்து உக்காரு."

"எனக்கு என்னாப்பா தெரியும் இதுல?"

"ஐஸ்ல தான வேல பாத்த? இதுவும் ஐஸுதான்யா."

"அது வேற ஐஸு."

"ஐஸுல என்னய்யா வேற? உன்னோடதுல ஆளு வழுக்குவான். என்னோடதுல மீனு நாறாது. என்னுது கொஞ்சம் உருப்படியான ஐஸு."

மச்சானும் சிரித்தார். பிறகு, "எனக்கு ஒரு எடத்துல வார்த்த முடிஞ்சிருச்சி திருநா. சீக்கிரம் கெளம்பறேன்" என்றார்.

"அப்ப சந்தோஷம். இருந்தாலும் தீபாவளி வரைக்கும் வெச்சிருக்கேன். அதுக்கப்பறம் வேற ஆளப் போட்டுருவேன், சொல்லிட்டேன்." என் பக்கம் திரும்பினார். "தம்பி என்னா பண்றீங்க?"

"நைட் ஷிப்ட்."

"அதான் மூஞ்சி இப்பிடி இருக்குது."

அதன் பிறகு காஸ்பியனிலிருந்து பேச்சு குறைந்தது. முதலாளி போனை எடுக்கவில்லை. உதவியாளப் பெண், வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று ஒருமுறை சொன்னாள். அப்புறம் அவளும் எடுக்கவில்லை. மச்சான் கோட்டைச் சலவைக்குக் கொடுத்து வாங்கினார். குளிர் ஊருக்குப் போகிறவருக்கு என்று அக்கா கடலூரில் தடித்த பனியன்கள் வாங்கிவந்தாள். வாங்கும்போதே கடைக்காரனிடம், "வேணாம்னா திருப்பி எடுத்துப்பீங்களா?" என்று கேட்டாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள்.

தீபாவளி போனது. மழை பிடித்தது. எங்கள் கம்பெனிக்குப் புதிய லீக் ஒன்றின் வேலை வந்தது. காயத்ரி எனக்கு ஒதுக்கிய முதல் ஆட்டத்தில் ஒரு பக்கம் அந்தக் காஸ்பியன் கிளப். யார் எந்த எண்ணில் ஆடுகிறான் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கோலி பின்லாந்துக்காரன். பின்வரிசையில் லாட்வியா அண்ணனும் தம்பியும் ஜோடியாக. நடுவில் ஸ்லோவாக்கியாக்காரன். மச்சான் சிதம்பரத்தில் மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்து சொன்ன அணி அப்படியே பனியில் இறங்கியது. கிளப்பின் ஜெனரல் மேனேஜர் யார் என்று தேடினேன். முதலாளியின் குடும்பப் பெயர்தான் அவனுக்கும். மகனோ தம்பி மகனோ. அங்கேயும் வீட்டு ஆளுக்குத்தான் வேலை.

மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். ஒவ்வொரு பாஸுக்கும் கீ தட்டினேன். தட்டாவிட்டால் என் சம்பளம் போகும்.

மறுநாள் மத்தியானம் பரங்கிப்பேட்டைக்குப் போனேன். சொல்லாமல் விடலாமா என்று பஸ்ஸில் யோசித்தேன். விட்டால் அவர் இன்னும் காத்திருப்பார். மாடி ஏறினேன். மச்சான் கட்டிலில் சாய்ந்து ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அந்த கிளப்பு மேட்ச் நேத்து என்கிட்ட வந்துச்சி."

"ம்."

"நீங்க சொன்ன ஆளுங்கதான். மொத்தமும். உங்ககிட்ட விஷயத்தக் கறந்துட்டு, அவன் சொந்தக்காரனப் போட்டுக்கிட்டான்."

"தெரியும்டா."

"எப்ப தெரியும்?"

"ஆளுங்க பேர அவனுங்க முன்னாடியே போட்டுட்டானுங்க. லீக்கு வெப்சைட்டுல பாத்தேன்."

"முன்னாடியேன்னா?"

"தீபாவளிக்கு முன்னாடி."

"அப்ப திருநா அண்ணன் வேல காலியாத்தான இருந்துச்சி?"

"இருந்துச்சி."

"போயிருக்கலாமே மச்சான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. குரலும் மாறவில்லை. "அங்க போயி உக்காந்தேன்னு வெய்யி, அன்னையிலேருந்து நான் ஐஸ் பிளான்ட் மேனேஜரு. எவனும் வேற மாதிரி கூப்பிட மாட்டான். இங்க உக்காந்திருந்தா, வேல இல்லாத ஜெனரல் மேனேஜரு. வேலதான இல்ல. அது வரும்."

"வருமா?"

"கோலி எப்பிடி ஆடுனான்?" என்று கேட்டார்.

"நல்லா ஆடுனான்."

"ஆடுவான். ஒரு சீசன் சும்மா உக்காந்தவன் பசியோட வருவான்னு சொன்னேன்ல? அந்தத் தம்பிக்காரன், எடப்பக்கம் திரும்பறப்ப லேட் ஆவுறானா?"

"கொஞ்சம் ஆவுது."

"ஆவும். மூணாவது ஜோடியில எறக்கச் சொல்லணும் அவன. மொத ஜோடியில போட்டா டிசம்பருக்குள்ள தேஞ்சிருவான்." எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண் மட்டும் வேலையில் இருந்தது. "உங்க கம்பெனி மூலமா அவனுங்களுக்குத் தகவல் சொல்ல முடியுமாடா?"

"முடியாது மச்சான். நாங்க கீ தட்டுறதோட சரி. கருத்து சொன்னா வேலய விட்டுத் தூக்கிருவாங்க."

"சரி," என்றார். என்றாலும் யாரை யாரோடு மாற்ற வேண்டும் என்று முழுவதையும் எனக்குச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். கேட்பதற்கு வேறு ஆளில்லை.

திரும்பிப் பார்த்தால் மாடிப்படியின் மேல்படியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். மச்சானின் போனிலிருந்து எப்போதோ எடுத்துவைத்திருந்த திருநாவுக்கரசின் நம்பர் போலிருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, நான் ஹாமித் வீட்ல பேசறேன். ஷஹனாஸ்."

"சொல்லும்மா, சொல்லு." பின்னால் மெஷின் சத்தம்.

"அவுங்களுக்கு அந்த வேல..."

"அதுக்கு அன்புமணின்னு ஒரு ஆளப் போட்டுட்டேனேம்மா. நான் சொல்லித்தான அனுப்புனேன், தீபாவளி வரைக்கும்னு. ஒரு வாட்டி போன் கூட வரல."

"வேற எதுனா இருக்குதாண்ணே?"

திருநாவுக்கரசு தயங்கினார். "இருக்குறது ஒண்ணுதான். வண்டியில ஐஸ் கட்டி ஏத்தறப்ப கூட நின்னு எண்ணணும். விடிகாலம்பற வரணும். ரெயின்கோட்டு நாங்க தருவோம். ஆனா அதப் போயி அவன்கிட்ட எப்பிடிம்மா சொல்றது? அவன் செய்ய மாட்டான்."

"செய்வாங்க," என்றாள் அக்கா.

"அவனக் கேளு. பக்கத்துல இருக்கானா?"

அக்கா போனை மச்சானின் பக்கம் நீட்டினாள். நீட்டிக்கொண்டே நின்றாள். அவளிடம் கோபம் இல்லை. அதைவிட மோசமாக, ஒரு ஆசை இருந்தது. அவர் 'ம்' என்று சொன்னால் போதும் என்பதுபோல் அவர் வாயையே பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"ஹாமித்து? யோவ், லைன்ல இருக்கியா?"

மச்சான் கட்டிலில் விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடுத்த மேட்சு யாரோட அவனுங்களுக்கு?"

சொன்னேன்.

"சொந்த ஊர்லயா, அங்க போயா?"

"அங்க போயி."

"அப்ப அந்தத் தம்பிய எறக்கவே கூடாது," என்றார்.

போனில் திருநாவுக்கரசு ஹலோ, ஹலோ என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா போனை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.